கழுத்தில் பட்ட பந்து

கோல்ஃப் விளையாடுகிறவர் அதிகம் நிம்மதியாக நிற்க வேண்டிய இடம், கொடிக்கு ஐம்பது கெஜம் முன்னால். நீளமான அடிகள் முடிந்துவிட்டன. மரங்களையும் மணல் குழிகளையும் தாண்டி வந்தாயிற்று. இனி வெட்ஜ் என்னும் குட்டை மட்டையை எடுத்து, பாதி வீச்சில் பந்தை மெல்லத் தூக்கி, கொடிக்குப் பக்கத்தில் இறக்கினால் போதும். இதைப் பிட்ச் அடி என்பார்கள். இதற்குத் தோள் பலம் வேண்டாம். அறுபதைத் தாண்டியவரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே மாதிரி அடிக்கலாம்.

ஆனால் பல பேருடைய ஆட்டம் குலைந்து போவது இங்கேதான். மட்டை இறங்குகிறது, உலோகத்தில் கல் பட்டது போல ஒரு சத்தம் கேட்கிறது, பந்து கொடியை நோக்கிப் போகாமல் தாழப் பறந்து வலப்பக்கம் தெறிக்கிறது. சில சமயம் அடித்தவருக்கு நேர் வலது கைப்பக்கமே போய்விடும். ஷாங்க் என்பது இதுதான். இடது கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் போகும். ஒரு முறை வந்தால் அடுத்த அடியிலும் வருகிறது, அதற்கடுத்ததிலும் வருகிறது. நல்ல ஆட்டக்காரர்கள் இதனாலேயே மட்டைப் பையைப் பரணில் ஏற்றிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் கோல்ஃபில் உள்ள கோளாறுகளில் காரணத்தைத் தெளிவாகக் கண்டுபிடிக்கக் கூடியது இதுதான்.

நான் மறைமலை நகரில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்த வட்டாரத்தில் என்னைப் போன்றவர்கள் கையில் கோல்ஃப் மட்டை வந்து சேர்ந்தது தொழிற்சாலைகளோடுதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் கொரியாவின் பாக் சே-ரி அமெரிக்க மகளிர் ஓபனை வென்றிருந்தார். தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்கி அவர் அடித்த அந்த அடியைப் பற்றிப் பேசாத கொரிய மேலாளரை நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு எங்கள் ஊரில் ஃபோர்டின் ஐகான் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தபோது ஜப்பானியர்களும் பெருகினார்கள். தணிக்கைக்கு வருகிற வாடிக்கையாளர் வாரக் கடைசியில் விளையாடக் கூப்பிடுவார். போகாமல் இருக்க முடியாது. போனவர்களில் சிலர் அதிலேயே ஊன்றிவிட்டோம்.

மறைமலை நகரிலிருந்து விளையாடப் போவதென்றால் ஜி.எஸ்.டி. சாலையில் விடியுமுன் கிளம்ப வேண்டும். நந்தனத்தில் இந்தியத் தொழில்முறைச் சுற்றின் சென்னை ஓபன் நடந்த மைதானம் இருக்கிறது. கிண்டியில் குதிரைகள் ஓடும் பாதைக்கு நடுவே மெட்ராஸ் ஜிம்கானா கிளப் அமைத்த மைதானத்தில்தான் நான் விருந்தாளியாக முதன்முதலில் விளையாடினேன். பயிற்சி மட்டும் ஊரிலேயே. கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் நைலான் மீன்வலையை இரும்புச் சட்டத்தில் கட்டி வைத்திருக்கிறோம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆளுக்குப் பத்துப் பந்து அடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வலைக்கு முன்னால்தான் எங்கள் டூல் ரூம் அண்ணன் ஷாங்க் பிடித்து நின்றார். அச்சு டை செய்வதில் நாற்பது வருடக் கை அவருடையது. கண்ணால் பார்த்தே மேற்பரப்பின் மேடுபள்ளம் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் வெட்ஜைக் கையில் எடுத்தாலே தோள் இறுகிப் போனது.

"முகம் திறந்து வருது தம்பி. அதான் பந்து வலப்பக்கம் போகுது. மணிக்கட்டைத் திருப்பி மூடிப் பார்க்கிறேன்" என்றார்.

"அண்ணே, டை சரியா உட்காரலைன்னா முதல்ல என்ன செய்வீங்க? உடனே தேய்க்க ஆரம்பிச்சிடுவீங்களா?"

"யாராவது அப்படிச் செய்வாங்களா? புளூ போட்டு எங்க படுதுன்னு பார்க்கணும்."

"அப்ப இதுக்கும் புளூ போடுவோம்ணே."

டூல் ரூமுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஒன்றின் மேல் நீல நிறக் குழம்பை மெல்லியதாகத் தடவி மற்றதை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பார்கள். எங்கெங்கே படுகிறதோ அங்கெல்லாம் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தைத்தான் ராவ வேண்டும். ஷாங்க்கைத் திருத்துவதும் இதே வேலை. மட்டையின் எந்த இடத்தில் பந்து பட்டது என்று பார்க்காமல் கையையோ காலையோ மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

வழி மிக எளியது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவால் பந்தின் ஒரு பக்கத்தில் பெரிதாகத் தீட்டி, தீட்டிய பக்கம் மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடிக்க வேண்டும். மட்டை முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். பேனா இல்லையென்றால் மட்டை முகத்தில் முகப் பவுடரைப் பூசிக்கொண்டு அடிக்கலாம். பந்து பட்ட இடத்தில் பவுடர் கலைந்திருக்கும். அண்ணன் ஐந்து பந்து அடித்தார். மட்டையைத் திருப்பிப் பார்த்தால் முகம் சுத்தமாக இருந்தது. தண்டு வந்து தலையோடு சேரும் கழுத்து வளைவில்தான் மை அப்பியிருந்தது.

அந்தக் கழுத்துக்கு ஹோசல் என்று பெயர். இரும்பு மட்டையின் முகம் தட்டையானது, ஹோசல் உருண்டையானது. தட்டையில் பட்டால் பந்து முகம் பார்க்கும் திசையில் போகும். உருண்டையில் பட்டால், உருண்டையின் எந்தச் சரிவில் பட்டதோ அந்தத் திசையில் தெறிக்கும். பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறக்குறைய பாதி. அதற்குள் மணிக்கட்டைத் திருப்பி ஒன்றும் செய்ய முடியாது. மட்டை முகம் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் கழுத்தில் பட்ட பந்து வலப்பக்கம்தான் போகும். ஆக, அண்ணன் மணிக்கட்டோடு போராடிய நாட்களில் கழுத்தில் படுவது கொஞ்சமும் மாறவில்லை.

தூரத்தையும் பாருங்கள். முகத்தில் பந்து பட வேண்டிய நல்ல இடத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான். கோல்ஃப் பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஷாங்க் அடிக்கிறவர் பிசகுவது ஒரு பந்தின் அகலம்கூட இல்லை. அவருடைய வீச்சு முழுவதும் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடுவது அநியாயம். வீச்சு இருக்கட்டும். மட்டைத் தலை மூன்று சென்டிமீட்டர் வெளியே போகிறது. அது ஏன் போகிறது என்று மட்டும் கேட்க வேண்டும்.

குறி பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கழுத்துக்கு நேரெதிர் முனையான மட்டையின் நுனியில் பட்டாலும் பந்து வலப்பக்கம்தான் போகும். நுனியில் அடி விழும்போது முகம் திறந்துகொண்டு, பந்து வலுவில்லாமல் வலதில் சரியும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மருந்தோ நேரெதிர். நுனியில் படுகிறவர் பந்துக்குக் கொஞ்சம் அருகே வர வேண்டும். அதையே கழுத்தில் படுகிறவர் செய்தால் நிலைமை முற்றும். நந்தனத்தில் ஒரு காலை, நுனியில் அடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு "ஷாங்க் வருது, தள்ளி நில்லுங்க" என்று கூட வந்தவர் யோசனை சொன்னார். அவர் தள்ளி நின்றார். பந்து இன்னும் நுனிக்குப் போனது. மேலும் தள்ளி நின்று, பந்தை எட்டிப் பிடிக்கக் குனிந்தபோது உடம்பு முன்னால் சாய்ந்து, நிஜமான ஷாங்க்கே வந்து சேர்ந்தது. பவுடர் டப்பா ஒன்று இருந்திருந்தால் அந்த மனிதர் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

சரி, தலை ஏன் வெளியே போகிறது? பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்குகிறது. இதை எனக்குக் காட்டியவர் கிண்டியில் பை சுமந்த ஒரு கேடி. பல வருடம் அந்தப் புல்லில் நடந்தவர். என்னோடு வந்த விருந்தினர் வரிசையாக ஷாங்க் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்தோம். கேடி மட்டும் அவர் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"சார், இங்க வந்து பாருங்க. பனியில கால் தடம் தெரியுது. விரல் பக்கம் மட்டும் அமுங்கியிருக்கு. குதிகால் பக்கம் புல்லு நிமிர்ந்தே நிக்குது."

"அண்ணே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"விரல்ல நின்னா ஆளு முன்னாடி போவான் சார். ஆளு போனா மட்டையும் போவும்."

இயந்திரவியல் படித்தவர்கள் இரண்டு பக்கத்தில் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மட்டையைச் சுழற்றும்போது தலை வெளிப்பக்கம் இழுக்கும். பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்து நிற்கையில் கைகள் இருக்கும் இடத்தைவிட, அடி விழும் நொடியில் அவை சற்று உயரமாகவும் வெளியேயும் இருக்கும். பாதத்தின் நடுவில் எடை இருந்தால் உடம்பு அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்கும். விரலுக்குப் போய்விட்டால் உடம்பும் சேர்ந்து பந்தின் பக்கம் விழும். மூன்று சென்டிமீட்டர் கரைய இது போதும்.

இந்த இடத்தில் கேடிகளைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1993இல் அதை மறுபடியும் வென்றார். 2009இல் வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். நம் மைதானங்களில் வீச்சை உண்மையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இவர்கள்தான். ஆயிரக்கணக்கான அடிகளை அருகில் நின்று பார்த்த கண்கள். ஆனால் பையைத் தூக்கவும் பந்தைத் தேடவும் மட்டுமே அவர்களைக் கூப்பிடுகிறோம். ஷாங்க் வந்தால் முதலில் பக்கத்தில் நிற்கும் கேடியிடம் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டால் அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். அது ஆசிரியருக்குச் சேர வேண்டிய தொகை.

பாதம் சரியாக இருந்தும் ஷாங்க் வருகிறதென்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். அடிக்கும் நேரத்தில் பெல்ட் பக்கிள் பந்தை நோக்கி முன்னேறினால் கைகள் போக இடமிருக்காது, வெளிப்பக்கமாகத்தான் தள்ளப்படும். பின்புறம் ஒரு நாற்காலியின் முதுகு லேசாகத் தொடும்படி நின்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடி முடியும்வரை நாற்காலியின் தொடுகை இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் மட்டையைப் பின்னால் எடுக்கும் விதம். முழங்கையை உருட்டி, முகத்தை வானத்துக்குத் திறந்து, மட்டையை முதுகுக்குப் பின்னால் தாழ்வாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. அப்படிப் போன மட்டை திரும்பும்போது உள்ளிருந்து வெளியே வரும். முகத்துக்கு முன்னால் கழுத்து வந்து நிற்கும். இதற்கு எதிராக, மேலிருந்து தோளால் தள்ளி, வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறவர்களுக்கும் ஷாங்க் வரும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது புல் பெயர்ந்த தடம். தடம் இலக்குக்கு வலதில் நீண்டால் முதல் வகை, இடதில் நீண்டால் இரண்டாவது. உள்ளிருந்து வருகிறவர் மட்டையைப் பின்னால் எடுக்கையில், அது தரைக்கு இணையாக வரும்போது தலை கைகளுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வெட்டுகிறவர் இரண்டு அக்குளிலும் குறுக்காக ஒரு துண்டைச் செருகிக்கொண்டு, அது விழாமல் சின்ன அடிகள் அடிக்கலாம். கை உடம்பை விட்டு ஓடாது.

இவ்வளவும் எல்லா அடிக்கும் பொதுதான். பிட்ச்சில் மட்டும் இது ஏன் அதிகம்? டிரைவர் மட்டை ஏறக்குறைய 45 அங்குலம்; வெட்ஜ் 35 அங்குலத்தைச் சுற்றியே. குட்டை மட்டைக்குப் பந்துக்கு மிக அருகே நிற்க வேண்டும். பிசகுக்கு இடமே கிடையாது. பந்தை உயரமாகத் தூக்கும் ஆசையில் முகத்தைத் திறந்து பிடிக்கிறோம். திறக்கத் திறக்கக் கழுத்து முன்னால் வருகிறது. இவை இரண்டையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை அண்ணனோடு உட்கார்ந்து கண்டுபிடித்தோம்.

எங்கள் தொழிலில் ஒரு பழுது வந்தால் ஏன் என்று கேட்டு, கிடைத்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, அப்படியே அடிவரை போவது வழக்கம். டொயோட்டாவில் வளர்ந்து இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு சப்ளையருக்கும் வந்து சேர்ந்த முறை இது. தேநீர் குடித்துக்கொண்டே அண்ணன் அதை ஆரம்பித்தார். பந்து ஏன் வலப்பக்கம் போகிறது? கழுத்தில் படுகிறது. ஏன் கழுத்தில் படுகிறது? கை வெளியே போகிறது. ஏன் போகிறது? அடிக்கும் நேரத்தில் நெஞ்சு திரும்பாமல் நின்றுவிடுகிறது. கை மட்டும் தனியே ஓடுகிறது. நெஞ்சு ஏன் நிற்கிறது? இங்கே அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போய் மட்டையை எடுத்து, பந்தில்லாமல் வீசிப் பார்த்தார்.

"தம்பி, மட்டையைத் தோளுக்கு மேல வரைக்கும் தூக்கிடறேன். கீழ வர்றப்ப ஐயையோ, நாப்பது கெஜத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தியாச்சேன்னு தோணுது. பிரேக் போடறேன்."

ஆணிவேர் அங்கே இருந்தது. தேவைக்கு மேல் பின்னால் எடுத்துவிட்டு, நடுவில் வேகத்தைக் குறைக்கிறார். உடம்பு நிற்கிறது. பிடி இறுகுகிறது. கை பந்தை நோக்கி எறியப்படுகிறது. பிட்ச் அடியின் கோளாறு பெரும்பாலும் இதுதான் என்பது என் முடிவு. முழு வீச்சில் யாரும் பிரேக் போடுவதில்லை. பாதி வீச்சில்தான் மனம் குறுக்கே வருகிறது. ஆகவே அண்ணனுக்கு நாங்கள் செய்த முதல் திருத்தம், மட்டையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே. தூரம் குறைந்தால் குறையட்டும். அங்கிருந்து நெஞ்சைத் தயங்காமல் இலக்கின் பக்கம் திருப்பிவிட வேண்டும். அடி முடிந்ததும் சட்டைப் பொத்தான்கள் கொடியைப் பார்க்க வேண்டும்.

பயிற்சிக்குக் கடைச் சாமான் எதுவும் வாங்கவில்லை. பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டி. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தால் அதன் நுனி எங்கே வருகிறதோ, அதற்கு இரண்டு விரல் தள்ளி, இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பெட்டியை வைத்தோம். மட்டை வெளியே போனால் பெட்டியில் மோதும். மரக்கட்டையையோ செங்கல்லையோ யாரும் வைக்க வேண்டாம், மணிக்கட்டு போய்விடும், அட்டையே போதும். முதல் மாலை பெட்டி கிழிந்தது. மாற்றிப் புதுப் பெட்டி வைத்தோம். அதோடு ஷூவுக்குள் விரல்களை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு அடிக்கச் சொன்னேன். எடை தானாகவே பாதத்தின் நடுவுக்கு வந்தது.

இன்னொரு பயிற்சி இரண்டு பந்து வைப்பது. ஒன்றுக்கு வெளியே இன்னொன்று, நடுவில் மட்டை நுனி போக மட்டும் இடம். உள்பந்தை மட்டும் அடிக்க வேண்டும், வெளிப்பந்து அசையக் கூடாது. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது வேறு: வேண்டுமென்றே நுனியில் அடிப்பது. பத்துப் பந்தை நுனியில் படும்படி அடி, பிறகு பத்தை நடுவில் அடி. மை எங்கே ஒட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார். ஷாங்க் பிடித்தவருக்குக் குறி எங்கே விழுகிறது என்பது தன் கையில் இல்லை என்ற பீதிதான் பாதி நோய். நுனிக்கு அதைக் கொண்டுபோக முடிகிறது என்று கண்ணால் பார்த்த மாலையில்தான் அண்ணனின் தோள் இறங்கியது.

பயிற்சியின்போது ஒரு கட்டாய விதி. அடிப்பவருக்கு வலப்பக்கம் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம்தான், ஆனால் கல் போலக் கடினம். கண்ணில் பட்டால் பார்வை போகும். எங்கள் வலைக்கு வலப்புறத்திலும் ஒரு வலை கட்டியிருக்கிறோம். வீட்டு மனைகளுக்கு நடுவே வெற்றிடத்தில் அடிக்கிறவர்கள் இதை யோசிக்காமல் ஒரு பந்துகூட அடிக்க வேண்டாம்.

ஷாங்க் வருவது தகுதிக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 1972இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் பிங் கிராஸ்பி போட்டியின் கடைசிச் சுற்று. ஜானி மில்லர் என்ற இளைஞர், ஜாக் நிக்லாஸோடு பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்தார். 16ஆவது குழியில் ஷாங்க் அடித்தார். ஆட்டம் சமனில் முடிந்து, பிளே ஆஃபில் நிக்லாஸ் வென்றார். அடுத்த ஆண்டே அதே மில்லர், ஓக்மாண்ட்டில் கடைசி நாள் 63 அடித்து அமெரிக்க ஓபனைக் கைப்பற்றினார். 2017இல் சாக்ராஸில் நடந்த பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் இன்னொன்று. எங்கள் ஊர்க் கொரியர்களுக்கு அது கிம் சி-வூ 21 வயதில் வென்ற போட்டி. எனக்கு அது இயன் பூல்ட்டரின் கடைசிக் குழி. தொலைக்காட்சியில் உலகமே பார்க்க, 18ஆவது குழியில் அவருடைய இரண்டாவது அடி ஷாங்க் ஆகி வலப்பக்க மரங்களுக்குள் போனது. அபராதம் ஏற்று, வேறிடத்தில் பந்தை வைத்து, அடுத்த அடியைக் கொடியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஷாங்க்குக்கு அடுத்த அடியைப் பயமில்லாமல் அடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

விளையாடும் கூட்டங்களில் ஷாங்க் என்ற சொல்லைச் சொல்லவே தயங்குகிறார்கள். சொன்னால் தொற்றிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பழுதை வாய்விட்டுச் சொல்லாத லைனில் பழுது பெருகும் என்பது என் வேலை எனக்குக் கற்றுத் தந்தது. சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே வந்துவிட்டால் பெட்டியும் மையும் கையில் இருக்காது. அப்போது மூன்று வேலை செய்யலாம். பந்துக்குப் பின்னால் மட்டையை வைக்கும்போது நடுவுக்குப் பதிலாக நுனிக்கு நேரே பந்து இருக்கும்படி வையுங்கள். பிடியைப் பறவைக் குஞ்சு நசுங்காத அளவுக்குத் தளர்த்துங்கள். நடுவில் பள்ளமோ மணலோ இல்லையென்றால் வெட்ஜையே உள்ளே வைத்துவிட்டு, எட்டாம் எண் இரும்பால் பந்தைத் தரையோடு உருட்டிவிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை மைதானங்களில் பந்து காலுக்குக் கீழே சரிவில் கிடக்கும்; அங்கே எடை தானாக விரலுக்கு ஓடும் என்பதால் முழங்காலை இன்னும் மடக்கி, குதிகாலில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இப்போது நந்தனத்தில் முழு ஆட்டம் ஆடுகிறார். போன வாரம் வலைக்கு முன்னால் அவருடைய மட்டையை வாங்கிப் பார்த்தேன். மை கழுத்தை விட்டு நகர்ந்து முகத்துக்கு வந்துவிட்டது. நடுவைத் தாண்டி நுனிப் பக்கம் ஐந்தாறு மில்லிமீட்டர் போயிருக்கிறது; அதனால்தான் அவருக்கு ஐம்பது கெஜம் நாற்பத்தைந்தாக விழுகிறது. அட்டைப்பெட்டியை இனி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் பெட்டி இல்லாமல், மை மட்டும் வைத்து அடிக்கப் போகிறார்.